பழைய 303க்கு ஸ்கோப் மவுண்ட்: துளை போட முதல் பார்க்க வேண்டியவை

கேள்வி ரொறன்ரோவில் இருக்கும் யாழ்ப்பாணத்துத் தம்பி ஒருவருடையது. மான் வேட்டைக்கென்று 1943ஆம் ஆண்டு கனடாவின் லோங் பிராஞ்ச் தொழிற்சாலை முத்திரையுள்ள நாலாம் இலக்க லீ-என்ஃபீல்ட் 303 துவக்கு ஒன்றை, முறைப்படி லைசென்ஸ் எடுத்து வாங்கியிருக்கிறார். மரக்கட்டை வெட்டுப்படாமல் முழுசாக இருக்கிறதாம். இரும்புக் குறி கண்ணுக்குப் பிடிபடவில்லை என்று, "துளை போடத் தேவையில்லை" என்று விற்ற, ஸ்கோப்பைத் தாங்கும் மவுண்ட் ஒன்றை (துவக்கில் பூட்டும் அடித்தண்டு பேஸ், ஸ்கோப்பின் குழாயைப் பிடிக்கும் வளையங்கள் றிங்) இணையத்தில் எடுத்து, அதன்மேல் 3 முதல் 9 மடங்கு பெருப்பிக்கும் ஸ்கோப்பும் ஏற்றிவிட்டார். இப்போது உயரம் திருத்தும் எலிவேஷன் குமிழைக் கீழே போகுமட்டும் திருப்பி முடிந்தும் 100 மீற்றரில் சன்னம் 20 சென்ரிமீற்றர் மேலே விழுகிறது. அதுவும் பத்துப் பதினைந்து வெடிக்குள் இடம் மாறிவிடுகிறது. "துளை போட்டு நல்ல பேஸ் ஒன்று பூட்டுவமா? இல்லாட்டி நல்லூர்த் திருவிழாவுக்கு வரேக்கை அங்கை ஒரு லேத்திலை புதுசா வெட்டிக்கொண்டு வருவமா?" என்று கேட்டிருக்கிறார்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், தம்பி. அந்த யோசனையை விடும். கட்டுநாயக்காவில் உமது பெட்டிக்குள் துவக்குச் சாமான் ஒன்று ஸ்கானரில் தெரிந்தால், அது வெறும் அலுமினியத் துண்டு என்று விளங்கப்படுத்தி முடிப்பதற்குள் நல்லூரில் தேர் இருப்புக்கு வந்துவிடும். இங்கே துவக்கு என்றாலே அனுமதிப்பத்திரச் சங்கதி. 1916ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் இன்றைக்கும் நடைமுறையில் இருக்கிறது. எந்த லேத்காரரும் அந்தத் துண்டைக் கையில் வாங்க யோசிப்பார், யோசிக்கவும் வேண்டும்.

ஆனால் நான் வேண்டாம் என்பதற்கு முக்கியமான காரணம் வேறு. இங்குள்ள கைகளில் எனக்கு ஒரு குறையும் இல்லை. மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில் ஓடிய, ஒரு பற்றரிகூட உள்ளே வராத தொண்ணூறுகளில், தண்ணிப் பம்புக்கு வேண்டிய புஷ்ஷையும் ஷாஃப்டையும் பழைய இரும்பிலிருந்து கடைந்து கொடுத்த ஆட்கள் அவர்கள். அவர்களாலும் இது ஏலாது. ஏனென்றால் துவக்கு மேசையில் இல்லை. மவுண்டுக்கு வேண்டிய அளவு எந்த வரைபடத்திலும் இல்லை. அது உமது துவக்கில் மட்டும்தான் இருக்கிறது. உமக்கு வந்திருக்கும் கரைச்சல் முழுவதும் இந்த ஒரு விஷயத்திலிருந்து வந்தது. மவுண்டைச் செய்தவன் யாரோ ஒருவருடைய நாலாம் இலக்கத்தை அளந்து செய்தான். உம்முடையதை அல்ல.

என்னைப் பற்றி ஒரு வரி: காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைப் பட்டறையில் அரம் பிடிக்கப் பழகி, பிறகு ஸ்காபரோவில் அச்சுக்கருவி செய்யும் இடத்தில் வேலை பார்த்து, ஓய்வு நாட்களில் ஒரு வெள்ளைக்காரத் துவக்குத் திருத்துநருக்குக் கைகொடுத்தவன். இப்போது கொக்குவிலில் இருக்கிறேன். என்னுடைய வயதுக்காரருக்கு 303 என்றால் பொலிஸ் நிலைய வாசலில் நின்ற துவக்கு. அதை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் பார்க்கக் கனடாவுக்குப் போகவேண்டியிருந்தது.

லோங் பிராஞ்ச் தொழிற்சாலை 1941இல் துவக்கு வெளியே விடத் தொடங்கி, ஒன்பது லட்சத்துக்கும் மேல் செய்தது. போர்க்கால அவசரம். ரவையை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட் ஓடும் பாதை, ரவை உட்காரும் அறை, குழல் இவற்றையெல்லாம் கேஜ் வைத்துக் கண்டிப்பாகப் பார்த்தார்கள். இவற்றைத் தாங்கும் உருக்கு உடலான ரிசீவரின் வெளிமுகத்தில் அவ்வளவு கண்டிப்புக்கு வேலை இல்லை. அங்கே எதையும் பூட்டும் எண்ணம் அவர்களுக்கு இருக்கவில்லை. இடது பக்கச் சுவரை விரலால் தடவிப் பாரும். வெட்டுக் கத்தி ஓடிய வரிகள் கையில் தட்டுப்படும். ஒன்றில் தட்டையாக இருப்பது இன்னொன்றில் ஒரு மயிரளவு சரிந்திருக்கும். ரிசீவரின் முன் வளையத்தின் உயரமும் அப்படித்தான்.

இதற்குச் சாட்சி வேண்டுமானால் இராணுவம் தானே ஸ்கோப் பூட்டிய விதத்தைப் பாரும். நன்றாகச் சுடும் நாலாம் இலக்கங்களைப் பொறுக்கி எடுத்து, இலண்டன் ஹொலண்ட் அன்ட் ஹொலண்ட் நிறுவனத்துக்கு அனுப்பி, சினைப்பர் துவக்காக மாற்றினார்கள். இடது பக்கத்தில் இரண்டு உருக்குத் திண்டுகளைத் திருகாணி போட்டு இறுக்கி, அவற்றை அந்தத் துவக்கின் குழலுக்கு நேராகச் சீவி, பிராக்கட்டை அதற்கேற்பப் பொருத்தினார்கள். முடிந்தபிறகு பிராக்கட்டில் துவக்கின் இலக்கத்தையும், கட்டையின் கழுத்தில் ஸ்கோப்பின் இலக்கத்தையும் அடித்தார்கள். ஒன்றினுடையதை இன்னொன்றில் மாட்டக்கூடாது என்பதற்காகத்தான். ஒரே வரைபடம், ஒரே உருக்கு, தேர்ந்த கைகள். அப்படியிருந்தும் சோடி சோடியாகவே பொருத்தினார்கள். நூறு டொலருக்குத் தபாலில் வந்த அலுமினியத் துண்டு நேரே போய்க் குந்தும் என்று நாம் எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம்.

இனி உமது 20 சென்ரிமீற்றரைப் பார்ப்போம். இரண்டு றிங்குக்கும் இடையில் 100 மில்லிமீற்றர் என்று வையும். ஒரு றிங் மற்றதைவிட 0.1 மில்லிமீற்றர் உயர்ந்தால், 100 மீற்றரில் சன்னம் 10 சென்ரிமீற்றர் தள்ளி விழும். இங்கே ஆயிரத்தில் ஒரு பங்கு, அங்கேயும் ஆயிரத்தில் ஒரு பங்கு. 0.1 மில்லிமீற்றர் என்பது ஏறக்குறைய சோடா ரின் தகட்டின் தடிப்பு. சன்னம் மேலே போகிறது என்றால் ஸ்கோப்பின் மூக்கு குனிந்திருக்கிறது என்று அர்த்தம். முன்பக்கத்தை உயர்த்த வேண்டும். "அப்படியென்றால் முன்னுக்கு இரண்டு தகடு வைத்தால் சரி" என்று கை துடிக்கும். வையாதேயும், பொறும்.

குமிழ் கீழே முட்டிய நிலையில்தானே 20 சென்ரிமீற்றர் மேலே விழுகிறது. அப்படியான ஸ்கோப்பில் மேலும் கீழுமாக மொத்தம் 60 எம்ஓஏ (ஒரு எம்ஓஏ என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு) அளவு நகர்வு இருக்கும் என்று கொள்வோம். உமது ஸ்கோப்பின் தாளில் சரியான எண் இருக்கும், அதைப் போட்டுக் கணக்கைத் திரும்பச் செய்யும். ஒரு எம்ஓஏ 100 மீற்றரில் 29 மில்லிமீற்றர். பாதி நகர்வு, அதாவது 30 எம்ஓஏ, 87 சென்ரிமீற்றர். குமிழ் நடுவில் நிற்கும்போது உமது சன்னம் ஒரு மீற்றருக்கும் மேலே போகிறது என்றுதான் இதற்குப் பொருள். அதைத் திருப்பி மவுண்டுக்குக் கொண்டுவந்தால் முன்னுக்கும் பின்னுக்கும் ஒரு மில்லிமீற்றருக்கு மேல் உயர வித்தியாசம். ரிசீவரின் வேலைப்பாட்டுக் குறை இரண்டு மூன்று தகட்டளவு வரும். ஒரு மில்லிமீற்றர் வராது. ஆகவே உமது மவுண்ட் பிழையாகச் செய்யப்பட்டதோ இல்லையோ, இப்போது அது எதன்மேலோ ஏறி நிற்கிறது.

எதன்மேல் என்பதற்கு எனது முதல் சந்தேகம் பின் குறியின் அடியில் இருக்கும் சின்ன ஸ்பிறிங்கும் முளையும். நாலாம் இலக்கத்தின் பின் குறி ஒரு அச்சு ஊசியில் சுழலும். அதை நிமிர்த்திப் பிடிக்க ரிசீவருக்குள் ஒரு ஸ்பிறிங் முளை கீழிருந்து தள்ளிக்கொண்டே இருக்கும். மவுண்ட் பூட்டுவோர் குறியைக் கழற்றிவிட்டு முளையை அப்படியே விட்டுவிடுவது வழமை. மவுண்டின் வால் அந்த முளையில் ஏறி, இறுக்க இறுக்கப் பின்பக்கம் கிளம்பி, மூக்குக் குனியும். வெடி அதிர்ச்சியில் முளை அமுங்கி எழும்ப, சன்னம் விழும் இடமும் மாறும். உமது இரண்டு முறைப்பாட்டையும் இந்த ஒரு முளையே தரலாம். அதை எடுக்கும்போது கட்டைவிரலால் மூடிப் பிடித்துக்கொண்டு எடும். துள்ளினால் அறை முழுக்கத் தவழ்ந்து தேடவேண்டி வரும். எடுத்தவற்றை, குறியோடும் ஊசியோடும் சேர்த்து ஒரு சின்னப் போத்தலில் போட்டு வையும். நாளைக்கு விற்கும்போது அவைதான் காசு.

துவக்கில் கை வைக்க முதல் போல்ட்டை வெளியே எடுத்து, ரவை அறை வெறுமையா என்று கண்ணாலும் விரலாலும் பார்த்திருப்பீர் என்று நம்புகிறேன். போல்ட் வெளியே இருக்கும்போதே அதன் தலையிலுள்ள இலக்கத்தையும் பார்த்துவையும். நாலாம் இலக்கத்துக்குப் போல்ட் தலை 0, 1, 2, 3 என்று நீளத்தில் வித்தியாசப்பட்டு வரும். இவ்வளவு பழைய துவக்கென்றால் பூட்டிய போல்ட்டின் முகத்துக்கும் ரவை உட்காரும் இடத்துக்கும் உள்ள தூரத்தை அளக்கும் ஹெட்ஸ்பேஸ் கேஜ் வைத்திருக்கும் ஒருவரிடம் ஒருமுறை காட்டிவிட்டுச் சுடுவதே புத்தி.

முளையை எடுத்தபிறகு மவுண்டை வெறுமனே வைத்து, ஒரு திருகாணியும் இறுக்காமல், விரலால் மூலைக்கு மூலை அமத்திப் பாரும். "டக் டக்" என்று ஆடினால் அது மூன்று புள்ளியில் நிற்கிறது. எங்கே என்று கண்டுபிடிக்கப் பட்டறையில் நீலம் பூசுவோம். அதுவும் இல்லாத காலத்தில் நான் செய்தது குப்பி விளக்குக் கரி. சுவாலையின் நுனியில் மவுண்டின் அடிப்பக்கத்தைச் சூடு ஏறாமல் இரண்டு இழுவை இழுத்தால் கருந்தோல் மாதிரி மெல்லிய புகைக்கரி படியும். எண்ணெய் துடைத்த ரிசீவரில் அதை நேரே வைத்து, ஒரு சொட்டும் வழுக்காமல் அமத்தி, நேரே தூக்கும். முட்டிய இடத்தில் கரி போய் உலோகம் மின்னும். ரிசீவரில் அதே இடத்தில் கறுப்புப் புள்ளி இருக்கும். உமக்கு மெழுகுதிரி போதும். மனைவியின் லிப்ஸ்டிக்கும் நல்லாய் வேலை செய்யும், கேட்டுவிட்டு எடும்.

முதல் தடவை பெரும்பாலும் இரண்டு மூன்று சின்னப் புள்ளிகள்தான் மின்னும். அந்தப் புள்ளிகளை மட்டும் நுண் அரத்தால் அல்லது தட்டையான கட்டையில் சுற்றிய 400ஆம் இலக்க எமரித் தாளால் இரண்டு இழுவை எடுத்து, திரும்பக் கரி பிடித்து, திரும்ப வையும். புள்ளி பரவி, புள்ளிகள் கூடி, கடைசியில் முன்னும் பின்னும் தாராளமாகத் தொடும். அலுமினியம் சட்டென்று கரையும், அவசரப்படாதேயும். அரம் மவுண்டில் மட்டும்தான் படலாம், துவக்கில் படக்கூடாது. காசு கொடுத்தால் இன்னொரு பேஸ் வாங்கலாம், 1943 ரிசீவர் வாங்கமுடியாது.

அடுத்தது இடது பக்கத்துச் சின்னத் திருகாணி. துளையில்லா மவுண்டுகளில் பல, பின் குறியின் அச்சுத் துளையையும், இடது சுவரிலுள்ள எஜெக்டர் திருகாணித் துளையையும் பிடித்துக்கொண்டு நிற்பவை. அந்தத் திருகாணியைச் சும்மா ஒரு ஆணி என்று நினைக்கக்கூடாது. அதன் நுனி உள்ளே கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும். போல்ட் பின்னே வரும்போது வெற்றுக் கோது அதில் பட்டுத்தான் கடைசியில் வெளியே விழும். மவுண்டோடு வந்த நீளத் திருகாணியைப் போடும்போது நுனி அளவுக்கு மேல் நீண்டால் போல்ட் உரசும். குறைந்தால் கோது உள்ளேயே கிடக்கும். திருகாணியை ஏற்றிவிட்டு, போல்ட்டை மெதுவாக ஓட்டிப் பாரும். உரசினால் திருகாணியைக் கழற்றி நுனியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து எடும். பிறகு வெற்றுக் கோது ஒன்றைப் போட்டு, வேகமாகவும் மெதுவாகவும் இழுத்துப் பாரும். அந்த ஒல்லித் திருகாணியின் மரை மிக நுணுக்கமானது. அதை இறுக்கிப் பிடிக்கும் ஆணியாகப் பாவித்து மவுண்டின் முழுப் பாரத்தையும் அதில் தொங்கவிட்டால் மரை உரியும். உறுதி அச்சுத் துளையிலிருந்தும், நீர் அரத்தால் பொருத்திய முகத்திலிருந்தும் வரவேண்டும். இந்தத் திருகாணி நிற்க இடம் காட்டினால் போதும்.

இவ்வளவும் செய்தபிறகும் முன்னுக்கோ பின்னுக்கோ 0.2, 0.3 மில்லிமீற்றர் இடைவெளி மிஞ்சலாம். அது இயல்பு. இப்போதுதான் தகடு. ஆனால் றிங்குக்குள் வைக்கக்கூடாது. ஒரு றிங்குக்குள் தகடு வைத்தால் ஸ்கோப்பின் குழாய் வளையும், உள்ளே குமிழ் ஒழுங்காக ஓடாது. பேஸின் கீழேதான் வைக்கவேண்டும். அதைவிடத் திறமான வழி, உருக்குத்தூள் கலந்த எப்பொக்சியால் படுக்கை போடுவது. ரிசீவரில் கிவி சப்பாத்துப் பொலிஷை மெல்லிசாகப் பூசி மினுக்கிவிடும், பசை ஒட்டாது. திருகாணி மரைகளுக்குள்ளும் அதையே விடும். நன்றாகப் பொருந்தியிருக்கும் பக்கத்தை மட்டும் இறுக்கி, மற்றப் பக்கத்தை இறுக்காமல், அடியில் எப்பொக்சி வைத்து, அது தானாக எங்கே மிதக்கிறதோ அங்கேயே ஒரு நாள் காயவிடும். பலர் அந்த நேரத்தில் ஆசையில் இரண்டு பக்கத்தையும் இறுக்கிவிடுவார்கள். வளைந்த பேஸ் வளைந்தபடியே அச்சாகிவிடும். காய்ந்தபிறகு கழற்றிப் பார்த்தால் துவக்கின் வெட்டு வரிகள்கூட அந்தப் படுக்கையில் எழுத்தாகத் தெரியும்.

திருகாணி இறுக்குவதில் நம்மவர் கை பொதுவாகக் கூட. சைக்கிள் அச்சு நட்டு இறுக்கிய பழக்கம். பேஸ் திருகாணிக்கு 20 அங்குல-இறாத்தல், றிங்கின் மேல் தொப்பிக்கு 15 முதல் 18 வரை போதும். அந்த அளவைக் காட்டும் சின்ன முறுக்குச் சாவி ஒன்று வாங்கிவையும். இந்தப் பட்டியலில் நான் கட்டாயம் வாங்கச் சொல்லும் கருவி அது ஒன்றுதான். பழைய மவுண்டில் திருகாணித் தலையில் நேர்வெட்டு இருந்தால், வெட்டை முழுதாக நிரப்பும் தட்டை நுனி வேண்டும். கடைத்தெரு ஸ்க்ரூடிரைவர் ஆப்பு மாதிரி சரிந்திருக்கும், மேலேறித் தலையைக் கிழிக்கும். அசற்றோனால் மரையைத் துடைத்து, பேஸ் திருகாணிக்கு மட்டும், மரை கழராமல் பிடிக்கும் நீல லொக்டைட் பசை ஒரு துளி. சிவப்பு வேண்டாம். றிங்குக்கு ஒன்றுமே வேண்டாம். அங்கே ஈரம் இருந்தால் சாவி சொல்லும் அளவைவிடக் கூட இறுகும், குழாயில் பள்ளம் விழும்.

றிங் வாங்கும்போது ஒரு விஷயத்தில் ஏமாறாதேயும். பேஸில் றிங் உட்காரும் குறுக்குப் பள்ளத்தில் இரண்டு வகை உண்டு; வீவர் வெட்டும் பிக்கற்றினி வெட்டும் பார்வைக்கு ஒன்று. பிக்கற்றினி 1995இல் அமெரிக்க இராணுவம் அளவு நிர்ணயித்தது. பள்ளத்தின் அகலம் 5.23 மில்லிமீற்றர், நடுவுக்கு நடு 10.01. வீவர் பள்ளம் 4.57தான், இடைவெளியும் ஆளுக்கொரு விதம். ஆகவே வீவர் றிங் பிக்கற்றினித் தண்டில் ஏறும், மற்றப் பக்கம் ஏறாமல் போகலாம். ஏறியபின் றிங்கின் குறுக்கு ஆணியைப் பள்ளத்தின் முன் விளிம்போடு முட்டத் தள்ளிவிட்டு இறுக்கும். வெடிக்கும்போது துவக்குப் பின்னே பாயும், பாரமான ஸ்கோப் இருந்த இடத்தில் நிற்கப் பார்க்கும். அதாவது துவக்கைப் பொறுத்தவரை அது முன்னே ஓடும். முதலிலேயே முன்னே முட்டியிருந்தால் ஓட இடமில்லை. "பத்து வெடிக்குப் பிறகு மாறுது" என்று முறையிடுபவர்களில் பலருக்கு இந்த ஒரு தள்ளலே மருந்து.

பழைய துவக்குக்கு எனக்குப் பிடித்த றிங் பர்ரிஸ் சிக்னேச்சர். உள்ளே பிளாஸ்ரிக் குண்டுவடிவச் செருகல் இருக்கும், குழாய்க்கு ஏற்பத் தானே திரும்பிக்கொள்ளும். மத்தி விலகிய செருகல்களும் தனியே கிடைக்கும், அவற்றால் உயரத்தையும் பக்கவாட்டையும் குழாயை நெரிக்காமல் திருத்தலாம். அதை வாங்கினால் றிங்கை உருளையும் பேஸ்ற்றும் வைத்துத் தேய்க்கும் வேலை இல்லை, தேய்க்கவும் கூடாது.

முகம் கட்டையில் எங்கே படுகிறது என்பதைப் பெரும்பாலானோர் கடைசியில்தான் நினைப்பார்கள். இந்தக் கட்டை இரும்புக் குறிக்கு அளந்தது. ஸ்கோப் அதைவிட உயரம். தாடையைக் கட்டையிலிருந்து தூக்கி, கழுத்தை நீட்டிப் பார்த்தால் ஒவ்வொரு வெடிக்கும் கண் ஒவ்வொரு இடத்தில் இருக்கும். நீர் மவுண்டைத் திட்டுவீர். இராணுவமும் இதை உணர்ந்துதான் சினைப்பர் கட்டையில் மரத்தில் ஒரு கன்னத்தாங்கியைத் திருகாணியால் ஏற்றியது. உமது கட்டையில் துளை வேண்டாம். தோலில் அல்லது கன்வசில் நாடா கட்டும் கன்னத்தாங்கி கிடைக்கிறது, உள்ளே நுரைத்தாள் வைத்து உயரத்தை மாற்றலாம். கண்ணை மூடி, துவக்கைத் தோளில் வைத்து, முகத்தைச் சுகமாகப் படுக்கவிட்டு, கண்ணைத் திறக்கும். வட்டம் முழுசாகத் தெரிந்தால் உயரம் சரி. கண்ணுக்கும் கண்ணாடிக்கும் எட்டு ஒன்பது சென்ரிமீற்றர் விடும், கிட்ட வைத்தால் வெடி அதிர்ச்சியில் ஸ்கோப் வந்து புருவத்தில் பிறைச்சந்திரன் வெட்டும். குளிர்கால ஜக்கெற் போட்டுக்கொண்டே இதைச் செய்யும். மான் காலத்தில் அதோடுதானே நிற்பீர்.

சரி, துளை போடும் கேள்வி. என்னுடைய பதில் துவக்கைப் பொறுத்தது. போருக்குப் பிறகு கனடாவில் ஆயிரக்கணக்கான நாலாம் இலக்கங்களின் முன்கட்டையை வெட்டி, குழலைக் குறுக்கி, மலிவான வேட்டைத் துவக்காக மாற்றினார்கள். அப்படி ஏற்கெனவே வெட்டுப்பட்டது உம்மிடம் இருந்தால், நல்ல திருத்துநரிடம் கொடுத்துத் துளை போடும். ஒரு இழப்பும் இல்லை. ஆனால் உம்முடையது முழுக்கட்டை என்கிறீர். ரிசீவரிலும் போல்ட்டிலும் முன்கட்டையிலும் இலக்கம் ஒன்றாக இருக்கிறதா என்று பாரும். ஒன்றென்றால் அதில் துளை போடுவது காணி உறுதியில் மை கொட்டுவது போல.

இடது பக்கத்தை இன்னும் கவனமாகப் பாரும். அங்கே இரண்டு திண்டோ, திண்டு இருந்து எடுத்த திருகாணித் துளையோ, ஆங்கில ரீ (T) எழுத்தோ, ரீஆர் (TR) என்ற முத்திரையோ இருந்தால், எல்லா வேலையையும் நிறுத்திவிட்டுத் தெரிந்த ஒருவரிடம் காட்டும். லோங் பிராஞ்சும் சினைப்பர் துவக்குக் கொஞ்சம் செய்தது. அதன் விலை வேறு.

துளைதான் என்று முடிவானால் தெரிந்துகொள்ள வேண்டியது இவ்வளவு: அமெரிக்க வழக்கில் 6-48 என்ற மரை, திருகாணியின் விட்டம் 3.5 மில்லிமீற்றர். பழைய துளை தேய்ந்துபோனால் 8-40க்குப் பெருப்பிப்பார்கள். முன் வளையத்தில் துளை குழலின் மரை வரை போனால் திருகாணி நுனி குழலில் முட்டக்கூடாது. கைத் துளைகருவி நினைக்கவும் வேண்டாம். துளைக்கு வழிகாட்டும் ஜிக்கும் மில்லிங் மெஷினும் உள்ளவரிடம் கொடும். அவர் மேலே சொன்ன கணக்கைத் தெரிந்தவராக இருக்கவேண்டும். இரண்டு துளை குழலின் நேர்கோட்டிலிருந்து 0.1 மில்லிமீற்றர் பக்கம் விலகினாலும் அது 10 சென்ரிமீற்றர்தான்.

நோர்வேயிலிருந்தும் இதே கேள்வி வரும், அங்கே துவக்கு மவுசராக இருக்கும். ஜேர்மன் படை விட்டுப்போன மவுசர் 98களை நோர்வேக்காரர் .30-06 ரவைக்கு மாற்றிப் பாவித்தார்கள், அவை இன்னும் வேட்டையில் இருக்கின்றன. அவர்களுக்கு மவுண்டைவிட வேறு இரண்டு தலையிடி. போல்ட் கைபிடி மேலே தூக்கும்போது ஸ்கோப்பில் இடிக்கும், அதை வளைக்க அல்லது மாற்ற வேண்டும். பாதுகாப்புப் பூட்டின் செட்டை மேலெழும்பி ஸ்கோப்பின் வாலில் முட்டும், தாழ்வான பூட்டு வேறாகப் போடவேண்டும். ரிசீவரின் தோல் கடினமாக்கப்பட்டது, சாதாரணத் துளை நுனி வழுக்கி நெருப்புத்தான் பறக்கும். அதற்காக அதைச் சூடாக்கி மெதுப்படுத்தச் சொல்பவர்களை நம்பவேண்டாம். போல்ட் பூட்டும் இடத்தில் வெப்பம் ஏறினால் உருக்கின் உறுதி போய்விடும். இவ்வளவும் வேண்டாம் என்பவருக்குப் பழைய பின் குறி இருந்த இடத்தில், குழலின்மேல், கண்ணிலிருந்து தூரத் தள்ளி வைத்துப் பார்க்கும் ஸ்கோப் ஏற்றும் முறை இருக்கிறது. வட்டம் சின்னது, மங்கல் வெளிச்சத்தில் சிரமம், ஆனால் ஒரு துளையும் இல்லை. நாலாம் இலக்கத்துக்கு அந்தக் கவலை ஒன்றும் இல்லை. கைபிடி தாழ்ந்தது, பூட்டு இடப்பக்கம்; நீர் இழப்பது கிளிப்பால் ஐந்து ஐந்தாக ரவை நிரப்பும் வசதியை மட்டும்.

குறுக்குக்கோட்டை நிமிர்த்த மேசன்மார் தூக்குக்குண்டு போதும். இருபது முப்பது மீற்றர் தள்ளித் தொங்கவிட்டு, துவக்கை நேராகப் பிடித்து, நிலைக்கோட்டை அந்தக் கயிற்றோடு ஒட்டவையும். பிறகு போல்ட்டை எடுத்துவிட்டுக் குழலுக்குள்ளால் 25 மீற்றரில் ஒரு இலக்கைப் பார்த்து, துவக்கு அசையாமல் குமிழைத் திருப்பிக் குறுக்குக்கோட்டையும் அதே இடத்துக்குக் கொண்டுவாரும். இந்த நிலையில் குமிழ் நடுவிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்று எண்ணும். கொஞ்சம் விலகினால் பரவாயில்லை, ஓரத்துக்குப் போனால் திரும்பவும் கரியும் அரமும்.

முதல் வெடிகளையும் 25 மீற்றரிலேயே சுடும். குமிழின் ஒரு கால் எம்ஓஏக் கிளிக் 100 மீற்றரில் 7 மில்லிமீற்றர் நகர்த்தும், 25இல் அதில் காற்பங்குதான். கிளிக்கை நாலு மடங்காக எண்ணும். 180 கிரெயின் 303 ரவை 25இல் நடுவில் பட்டால் 100இல் ஏழெட்டு சென்ரிமீற்றர் மேலே படும், பயப்படாமல் அங்கே போய்த் திருத்தும். மூன்று வெடிக் கூட்டமாகச் சுட்டு, இடையில் குழலை ஆறவிடும். மவுண்ட் அசையாமல் இருந்தும், குழல் சூடேறச் சூடேறக் கூட்டம் ஒரு பக்கமாக நடந்தால், குற்றம் முன்கட்டையில். நாலாம் இலக்கத்தின் முன்கட்டை குழலின் வாயடியைச் சில இறாத்தல் மேல்நோக்கித் தாங்கவேண்டும். காய்ந்து சுருங்கிய கட்டையில் அந்தத் தாங்கல் போய்விடும். அது வேறு வேலை, வேறு நாள்.

மவுண்ட் அசைகிறதா இல்லையா என்று ஊகிக்க வேண்டாம். ஒவ்வொரு திருகாணித் தலையிலிருந்தும் பேஸுக்கும், பேஸிலிருந்து ரிசீவருக்கும் நகப்பூச்சால் மெல்லிய கோடு போடும். இருபது வெடிக்குப் பிறகு பாரும். கோடு உடைந்த இடம்தான் ஓடுகிற இடம். அதுவரைக்கும் துளை போடுபவரிடம் நாள் குறிக்காதேயும். முளையை எடுத்துவிட்டு, ரிசீவரின் இடது பக்கத்தைச் சரிவான வெளிச்சத்தில் ஒரு படமும், முதல் கரிப் புள்ளிகளை ஒரு படமும் எடுத்து அனுப்பும்.